பச்சை அவெஞ்சுரின்: பார்த்து வாங்க, பக்குவமாகத் தீட்ட

'இந்தியன் ஜேட்' என்று விற்கும் கல் பெரும்பாலும் ஜேட் என்னும் பச்சை அலங்காரக் கல்லே கிடையாது, பச்சை அவெஞ்சுரின். குவார்ட்ஸ் (படிகக்கல்) வகை. கர்நாடகத்தில் ஹாசன் பக்கத்துப் பாறைகளிலேயே இருக்கிறது. தனக்கென்று இத்தனை அழகுள்ள கல்லை இன்னொன்றின் பெயரில் விற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

வாங்கும்போது பத்து மடங்கு லென்ஸை வைத்து, வெயிலில் கல்லை மெல்லத் திருப்புங்கள். உள்ளே பொடிப்பொடியாகப் பச்சைச் செதில்கள் மினுக்கும். அது ஃபுக்சைட், குரோமியம் கலந்த காக்காப்பொன். கல்லுக்குப் பச்சை வருவதே அதனால்தான். செதிலே தெரியாமல், விரிசல்களில் மட்டும் பச்சை தேங்கி நின்றால் சாயம் ஏற்றியது என்று சந்தேகப்படுங்கள்.

ஜேடா இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நகை எடை போடும் சின்னத் தராசில் கல்லை நிறுங்கள், 26.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதும் மூழ்க, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் பிடியுங்கள். தராசு 10 கிராம் காட்டினால், 26.5-ஐ 10-ஆல் வகுக்க 2.65. அது குவார்ட்ஸின் அடர்த்தி. ஜேடில் நெஃப்ரைட் 2.95 அளவிலும், ஜேடைட் 3.3 அளவிலும் நிற்கும்.

தீட்டுவதாக இருந்தால் முதலில் செதில்கள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்று பாருங்கள். கல்லின் அடிப்பாகம் அந்தப் படுகைக்கு இணையாக வரும்படி அறுத்தால்தான் மேல்பக்கம் மினுக்கும். குறுக்கே அறுத்தால் வெறும் பச்சைக்கல். பட்டை வேண்டாம், மேடான வழவழப்பு முகமே இதற்குப் பொருத்தம். கல்லின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, காக்காப்பொன் 3-க்குள். அழுத்தித் தேய்த்தால் செதில் பெயர்ந்து பள்ளம் விழும். தேய்ப்புத்தாளில் 220, 600, 1200 என்று சொரசொரப்பிலிருந்து மெல்லியதற்குப் பொறுமையாக ஏறி, சீரியம் ஆக்சைடு மெருகுப் பொடியில் முடியுங்கள்.

உலர வைத்து மட்டும் அறுக்காதீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்னும் குவார்ட்ஸ் வகைக் கல்லைத் தீட்டிய எத்தனையோ பேரின் நுரையீரலை, சிலிகா தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் தின்றிருக்கிறது. இதுவும் அதே சிலிகா தூசிதான்.

பணம் வரும், நோய் தீரும் என்று சொல்லி விலையை ஏற்றினால் கொடுக்காதீர்கள். டாலர், மணிமாலை, காதணி எதற்கும் தாங்கும். அழுக்கானால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். நீராவி, அல்ட்ராசானிக் இயந்திரம் இரண்டும் வேண்டாம்.