பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை கஃபேயாவோ ஆபீஸாவோ மாத்தணும்னா

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் தூணும் முற்றமும் உள்ள பழைய வீடு ஒண்ணு வாடகைக்கு வருதுன்னு காதுல விழுந்த உடனே மனசுக்குள்ள கஃபேக்கு பேர் வெச்சு லோகோ வரைக்கும் போயிடுறோம்ல, அதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு அந்தக் கட்டடம் எதைத் தாங்கும்னு முதல்ல பாருங்க, பிசினஸை அப்புறம் முடிவு பண்ணலாம்.

அதுக்கும் முன்னாடி பேப்பர். இந்த ஏரியாவுல பல வீடுகள்ல கட்டடம் ஒருத்தருது, அடிமனை கோயிலுக்கோ டிரஸ்டுக்கோ சொந்தம். வீட்டுக்காரர் நல்லவராவே இருக்கட்டும், அவர் கையெழுத்து மட்டும் போதாது. கோயில் நிலம்னா 5 வருஷத்துக்கு மேல லீஸ் போட அறநிலையத்துறை கமிஷனர் அனுமதி வேணும். வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், வாரிசு யார் யார்னு எல்லாத்தையும் வக்கீல்கிட்ட காட்டிடுங்க, அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையனுக்கும் பங்கு இருக்குன்னு பெயிண்ட் அடிச்ச பிறகு தெரிஞ்சா ரொம்ப கஷ்டம்.

இப்ப மேல ஏறுங்க, ஏன்னா இந்த வீடுகளோட உயிரே கூரைதான். தேக்கு உத்திரங்களை வரிசையா போட்டு, அதுக்கு மேல ஒரு இஞ்ச் கனம் உள்ள சின்ன டெரஸ் செங்கல்லை நிக்க வெச்சு சாய்வு வரிசையா சுண்ணாம்புல ஒட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி கட்டையால அடிச்சு கெட்டியாக்கி, கடைசியா தட்டோடு (தட்டையான ஓடு) பதிச்சிருப்பாங்க, இதான் மெட்ராஸ் டெரஸ். இதுல முதல்ல போறது உத்திரத்தோட நடுப்பகுதி இல்ல, சுவருக்குள்ள நுழையுற முனைதான், ஈரமும் கரையானும் சேருற இடம் அதுதான். வெளியில பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு இருக்கும், ஸ்க்ரூடிரைவரை வெச்சுக் குத்தினா உள்ள பொதபொதன்னு போகும். ஒவ்வொரு உத்திரத்தோட ரெண்டு முனையையும் இப்படிக் குத்திப் பாருங்க, தட்டிப் பாருங்க, சத்தமே சொல்லிடும்.

அடுத்து மொட்டை மாடியில எத்தனை லேயர் இருக்குன்னு பாருங்க. ஒழுகும் போதெல்லாம் யாரோ ஒருத்தர் மேல சிமெண்ட் போட்டிருப்பாங்க, அதுக்கு மேல தார் ஷீட்டு, அதுக்கு மேல கூல் டைல்ஸ். இவ்ளோ வெயிட்டும் நூறு வருஷ மரத்து மேலதான் உக்காந்திருக்கு. அந்த லேயர்களை எடுத்துட்டு, பழையபடி சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தண்ணி ஓட வாட்டம் சரி பண்ணாலே பாதி ஒழுகல் நின்னுடும். கெட்டுப்போன உத்திரத்துக்கு கீழ முட்டுக் கொடுத்துட்டு மாத்தலாம், இடிச்ச வீட்டு பழைய பர்மா தேக்கு இன்னும் கிடைக்குது, அது கட்டுப்படியாகலன்னா ரெண்டு பக்கமும் ஸ்டீல் சேனல் வெச்சு போல்ட் போடலாம். "எல்லாத்தையும் இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார்"னு மேஸ்திரி சொல்லுவார், பத்துல எட்டு பேர் சொல்லுவாங்க, அப்படிப் போடணும்னா எதுக்கு பழைய வீட்டுக்கு வாடகை கொடுக்கணும். பழைய கட்டடத்துல வேலை பாத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஃபீஸ் கொடுத்துக் கேளுங்க, இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

வீடா இருந்தது கடையாகும்போது தரை மேல வர்ற பாரமும் மாறுது. கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்ற இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கணக்குப்படி குடியிருக்கிற அறைக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ, ரெஸ்டாரண்டுக்கும் சில்லறைக் கடைக்கும் சுமார் 400 கிலோ, அதாவது டபுள். அதனால மாடியில கூட்டம் கூடுற ஐட்டம், ஃபைல் ரேக், துணி ஸ்டாக் எதுவும் வேணாம், அதெல்லாம் கீழ. மாடியில சின்ன டிசைன் ஆபீஸ், டெய்லரிங் யூனிட், டியூஷன்னா ஏழெட்டு பசங்க, அந்த அளவுல நிறுத்திக்கோங்க, அதையும் இன்ஜினியர் ஓகே சொன்னா மட்டும். வாட்டர் டேங்க், ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் கூரையோட நடுவுல வைக்காம சுவர் வர்ற இடத்துல ஃப்ரேம் போட்டு வைங்க.

சுவரைப் பத்தி ஒண்ணுதான் சொல்லணும், சிமெண்ட் பூசாதீங்க. சுண்ணாம்புச் சுவர் உள்ள வாங்கின ஈரத்தை வெளிய விடும், மேல சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டா அந்த ஈரம் வெளிய போக வழியில்லாம உப்பு பூத்து உதிரும், அப்புறம் நீங்க வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சுட்டே இருப்பீங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம்னு சொன்னா புரியுற கொத்தனார் புதுச்சேரி, காரைக்குடி பக்கம் இன்னும் இருக்காங்க, கூலி கூட, ஆனா வேலை நிக்கும்.

முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுற ஆசை எல்லாருக்கும் வரும். மூடுறதா இருந்தா ஷீட்டை கூரையை விட ரெண்டடி உயர்த்தி நாலு பக்கமும் காத்து போக விடுங்க, இல்லன்னா மே மாசம் கஸ்டமர் வெந்துடுவாங்க.

கிச்சனும் டாய்லெட்டும் பழைய பகுதிக்குள்ள வேணவே வேணாம். பின்கட்டுல இடம் இருந்தா அனுமதி வாங்கி தனியா கட்டுங்க, தண்ணி, எண்ணெய்ப் புகை, கேஸ் சிலிண்டர் மூணும் மரக்கூரைக்கு ஆகாது. பழைய மரப்பட்டி வயரிங்கை ரிப்பேர் பண்ணாம முழுசா கழட்டிட்டு புதுசா போட்டு, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) மாட்டுங்க. தீ எவ்வளவு மோசம்னு சேப்பாக்கத்துல ஆற்காடு நவாபோட பழைய அரண்மனையான கலஸ் மஹாலைப் பாத்தவங்களுக்குத் தெரியும், 2012 ஜனவரியில எரிஞ்சு மரக்கூரை விழுந்து தீயணைப்பு அதிகாரி ஒருத்தர் உயிரே போச்சு. அதே கட்டடத்தை பொதுப்பணித்துறை பழைய முறையிலயே சரி பண்ணி, இப்ப பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு அங்க நடக்குது, அதனால எரிஞ்ச கட்டடத்தைக் கூட மீட்கலாம், ஆனா அது அரசாங்க பட்ஜெட்.

அனுமதி விஷயத்துல, குடியிருப்பை வணிகமா மாத்த திட்ட அனுமதி வேணும், 2019 கட்டட விதிகள் அப்படித்தான் சொல்லுது. பார்க்கிங்கும் ரோடு அகலமும்தான் பெரும்பாலும் முட்டும், அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஆர்க்கிடெக்டை விட்டு விசாரிங்க. பாரம்பரியக் கட்டடப் பட்டியல்ல இருந்தா சி.எம்.டி.ஏ.வோட (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஹெரிடேஜ் கமிட்டியைத் தாண்டணும், மத்திய தொல்லியல் துறையோட நினைவுச் சின்னத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்ட முடியாது. மத்தபடி டிரேட் லைசென்ஸ், சாப்பாடுன்னா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், கமர்ஷியல் கரண்ட் டாரிஃப், சொத்து வரி மாத்துறது எல்லாம் வழக்கமான அலைச்சல்.

கடைசியா அக்ரிமெண்ட். கூரைக்குக் காசு போடப்போறது நீங்க, அதனால 11 மாசத்துக்கெல்லாம் ஒத்துக்காதீங்க, போட்ட காசு திரும்புற அளவுக்கு வருஷம் கேட்டு பதிவு பண்ணுங்க. வேலை நடக்கிற மாசங்களுக்கு வாடகை இல்லன்னும், கூரை ஒழுகினா யார் செலவுன்னும், காலி பண்ணும்போது நீங்க மாட்டின தேக்கும் ஸ்டீலும் யாருக்குன்னும் தெளிவா எழுதுங்க, கூடவே ஒவ்வொரு அறையையும் ஒவ்வொரு விரிசலையும் தேதியோட போட்டோ எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு இணைச்சிடுங்க.