இன்யோ கவுண்டியில் விபத்து நடந்தால்: முதல் நாளிலிருந்து இழப்பீடு வரை

டிசம்பர் லீவு வந்துவிட்டால் பே ஏரியாவிலிருந்தும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்தும் நம் குடும்பங்கள் டெத் வேலி என்ற பாலைவன தேசியப் பூங்காவுக்குக் கிளம்பிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா பின் சீட்டில், டிக்கியில் புளிசாதம். போகிற இடத்தின் பெரும்பகுதி கலிபோர்னியாவின் இன்யோ கவுண்டிக்குள் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. அங்கே வண்டி மோதினால், யாராவது விழுந்து எலும்பு முறிந்தால் அடுத்து என்ன செய்வது? பலருக்கும் தெரியாது. கேட்டுச் சொல்லப் பக்கத்தில் ஆளும் இருக்காது. முதல்முறை போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்யோ கவுண்டி 1866-இல் உருவானது. பரப்பளவு 10,000 சதுர மைலுக்கும் மேல். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 19,000 பேர்தான். நகரம் என்ற அந்தஸ்து பிஷப்புக்கு மட்டும் உண்டு. கவுண்டியின் தலைமையிடமான இண்டிபெண்டன்ஸ், 395 நெடுஞ்சாலையில் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிற சின்ன ஊர். 14,505 அடி உயர விட்னி மலையும், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் பேட்வாட்டர் பள்ளமும் இதே கவுண்டியில்தான்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். இங்கே தனியாருக்குச் சொந்தமான நிலம் 2 சதவீதம்கூடக் கிடையாது. பெரும்பகுதி மத்திய அரசுடையது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிறைய நிலம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தண்ணீர், மின்சாரத் துறை கையில் இருக்கிறது. அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக 1913-இல் முடிந்த கால்வாய்க்காக அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டது. காயம்பட்டவருக்கு இந்த நிலக்கணக்கு எதற்கு என்று தோன்றும். படி 4-இல் புரியும்.

படி 1: விபத்து நடந்த இடத்தில்

911-க்கு அழையுங்கள். டெத் வேலியில் பல இடங்களில் சிக்னலே வராது. ஐபோன் 14 முதல் வந்த மாடல்களில் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கலாம். அதை வீட்டிலேயே ஒருமுறை பழகிக்கொண்டு போங்கள். வெயில் காலமென்றால் தண்ணீரோடு வண்டி பக்கத்திலேயே இருங்கள், உதவி தேடி நடக்க வேண்டாம்.

சரி, ஆபத்து விலகிய பிறகு போட்டோ எடுங்கள். வண்டிகள், டயர் தடம், காயம், எதிராளியின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் வேண்டும். அப்புறம் சாலையோரத்தில் ஒரு கம்பில் சின்ன வெள்ளைத் தகடு நிற்கும். அதில் சாலை எண், இன்யோவைக் குறிக்கும் ஐ-என்-ஒய் என்ற மூன்று எழுத்து, அதற்குக் கீழே ஒரு மைல் எண் இருக்கும். அதை எண் தெரிகிற மாதிரி எடுங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பாலைவனம். ஆறு மாதம் கழித்து ‘இங்கேதான் நடந்தது’ என்று காட்ட அந்தத் தகட்டைப் போல உதவுவது வேறில்லை.

நம்மில் பலர் பதற்றத்தில் ‘சாரி, என் தப்புதான்’ என்று சொல்லிவிடுவோம். ‘உங்களுக்கு அடிபட்டுவிட்டதா, வருத்தமாக இருக்கிறது’ என்பது வேறு. கலிபோர்னியாவின் சாட்சியச் சட்டப்படி அந்த அனுதாபத்தை உங்கள் தப்புக்கு ஆதாரமாக்க முடியாது. ‘என் தப்பு’ என்ற பகுதியை ஆக்கலாம். அதனால் நலம் விசாரியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிஷப் நகருக்குள் என்றால் நகரப் போலீஸ் வரும். வெளியே நெடுஞ்சாலையில் கலிபோர்னியா ஹைவே பேட்ரோல் (சிஎச்பி) என்ற மாநில நெடுஞ்சாலைப் போலீஸ். தேசியப் பூங்காவுக்குள் ரேஞ்சர்கள் வரக்கூடும். யார் அறிக்கை எழுதினார்கள், அதன் எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹைவே பேட்ரோல் அறிக்கையின் நகலைப் பிறகு சிஎச்பி 190 படிவம் கொடுத்து வாங்கலாம்.

படி 2: ஆஸ்பத்திரி

கவுண்டியில் இரண்டு ஆஸ்பத்திரிகள்: பிஷப்பில் ஒன்று, லோன் பைனில் ஒன்று. பலத்த காயமென்றால் விமானத்தில் வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் ‘எனக்கு ஒண்ணும் இல்லப்பா’ என்பார்கள். நம்பாதீர்கள். கழுத்து வலியும் தலைச்சுற்றலும் மறுநாள்கூட வரும். செலவுக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்தால் உடம்பும் கெடும், பிறகு ‘இந்தக் காயம் விபத்தில் வந்ததே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லவும் வழியாகும். அவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்த எண்ணை முன்கூட்டியே போனில் வைத்திருங்கள்.

படி 3: பத்து நாளுக்குள் ஒரு படிவம்

யாருக்காவது காயம் என்றாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, வண்டி ஓட்டியவர் 10 நாளுக்குள் டிஎம்வி-க்கு (மாநில மோட்டார் வாகனத் துறை) எஸ்ஆர்-1 என்ற விபத்து அறிக்கைப் படிவம் அனுப்ப வேண்டும். தப்பு யாருடையது என்பது இதில் கணக்கில்லை. போலீஸ் எழுதிவிட்டார்களே என்று விட்டுவிடாதீர்கள், இது தனி.

படி 4: அந்த இடம் யாருடையது?

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது. தனிநபர் மேல் வழக்குப் போட கலிபோர்னியாவில் காயத்துக்கு 2 வருடம் உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் இந்த 2 வருடம்தான். ஆனால் சாலையின் குறைபாட்டால் விபத்து என்றால், அல்லது அரசு வண்டி மோதினால், மாநிலம், கவுண்டி, நகரம் எதுவானாலும் முதலில் அந்த அமைப்பிடமே எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு 6 மாதம். லாஸ் ஏஞ்சலஸ் தண்ணீர்த் துறையும் இதில் சேரும், அது நகர அரசின் துறை. குழந்தைக்குக் காயம் என்றாலும் இந்தக் கெடு ஓடும். தவறினால் ஒரு வருடத்துக்குள் தாமத மனு போடலாம். ஏற்பார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. கோரிக்கை கொடுத்த பிறகு 45 நாளில் பதில் வர வேண்டும். எழுத்தில் மறுத்தால் அந்தக் கடிதத்திலிருந்து 6 மாதத்தில் நீதிமன்றம் போக வேண்டும்.

மத்திய அரசின் நிலம், ஊழியர் என்றால் வேறு பாதை: 2 வருடத்துக்குள் ‘ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95’ என்ற கோரிக்கைப் படிவம் கொடுக்க வேண்டும். அதில் எவ்வளவு டாலர் கேட்கிறீர்கள் என்று குறிப்பான தொகை எழுதியே ஆக வேண்டும்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சாலைகளுக்கே இது மாறும். பூங்காவுக்குள் போகும் 190-ஆம் சாலை மாநிலத்துடையது. அதிலிருந்து பிரியும் பேட்வாட்டர் சாலை பூங்காவுடையது. சந்தேகம் இருந்தால் 6 மாதக் கெடுதான் உங்களுக்கு என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 5: இன்சூரன்ஸ் போன் வரும்

எதிர்த்தரப்பு கம்பெனி அன்பாகத்தான் பேசும், பேச்சைப் பதிவுசெய்யலாமா என்று கேட்கும். அவர்களுக்குப் பதிவு கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் சொந்தக் கம்பெனிக்கு மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் கட்டாயக் குறைந்தபட்ச இன்சூரன்ஸ் ஒருவருக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000 டாலர். ஒரு ஹெலிகாப்டர் பயணமும் ஒரு அறுவை சிகிச்சையும் அதைத் தின்றுவிடும். அதனால் உங்கள் பாலிசியில் ‘அன்இன்ஷ்யூர்ட் மோட்டாரிஸ்ட்’ பகுதி (எதிராளியின் இன்சூரன்ஸ் இல்லாமலோ போதாமலோ போனால் உங்கள் கம்பெனியே கொடுப்பது) இருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே பாருங்கள்.

உங்கள் மேலும் கொஞ்சம் தப்பு இருந்தால் மனம் தளர வேண்டாம். இங்கே பங்குக்கு ஏற்பக் கழிப்பார்கள். 30 சதவீதம் உங்கள் தப்பு என்று முடிவானாலும் மீதி 70 சதவீதம் கிடைக்கும்.

படி 6: வக்கீல்

சின்னக் காயம், 12,500 டாலருக்குள் என்றால் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் நீங்களே வாதாடலாம். அங்கே வக்கீல் நின்று வாதாட அனுமதி இல்லை. அதற்கு மேல் என்றால் வக்கீல் பாருங்கள். அவர் இன்யோவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கை விபத்து நடந்த கவுண்டியிலோ எதிராளி குடியிருக்கும் கவுண்டியிலோ போடலாம். எதிராளி லாஸ் ஏஞ்சலஸ்காரர் என்றால் அங்கேயே நடத்தலாம்.

வக்கீல்களுக்கு லைசென்ஸ் தரும் அமைப்பான கலிபோர்னியா ஸ்டேட் பார் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டு லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் தானாக வந்து கார்டு நீட்டும் ஆளை அனுப்பிவிடுங்கள்; வக்கீலுக்காக அப்படி ஆள் பிடிப்பது இங்கே சட்டவிரோதம். பெரும்பாலும் ஜெயித்தால்தான் ஃபீஸ், மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல். அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் உங்களுக்கும் வர வேண்டும். கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வழக்குச் செலவைக் கழிப்பது ஃபீஸுக்கு முன்பா, பின்பா? 6 மாதக் கோரிக்கையை எந்தத் தேதிக்குள் அனுப்பப் போகிறீர்கள்? அப்பா அம்மா சாட்சி சொல்ல வேண்டி வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஆள் கிடைக்க நாளாகும்.