இலையுதிர் காலத்தில் ஓரிரவு மலைநடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டு ஓடையோடு நடந்து, பாறை முகட்டில் ஏறி, மறுநாள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதையைப் பலரும் கிலோமீட்டரை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். ‘20 கிலோமீட்டர்தானே, இரண்டு நாள் இருக்கே’ என்று நிதானமாகக் கிளம்புவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்று 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். நல்ல பாதையில், நல்ல உடல்நிலையில் நடப்பவருக்கான கணக்கு அது. முதுகில் பாரம், காலடியில் சருகு, நடுநடுவே ஓடை என்றால், வரும் விடையோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், செல்போன் காட்டும் சூரிய அஸ்தமன நேரத்தை நம்புவது. பள்ளத்தாக்கில் இருப்பவருக்குச் சூரியன் மறைவது மேற்கு முகட்டுக்குப் பின்னால், அந்த நேரத்துக்கு வெகு முன்பே. மரங்களும் அடர்த்தியாக இருந்தால் கூடாரக் கயிறு கட்டும்போதே முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. ஹெட்லாம்ப் பையின் அடியில் ஸ்லீப்பிங் பேக்குக்குக் கீழே கிடந்தால், மொத்தப் பையையும் இருட்டில் கொட்டித்தான் எடுக்க வேண்டும்.

இருப்பதிலேயே கவர்ச்சியான தவறு ஓடைக்கரையில் கூடாரம் போடுவது. சமதளம், தண்ணீர் பக்கத்தில், சலசல சத்தம் வேறு. ஆனால் தெளிந்த வானமும் அசையாத காற்றுமுள்ள இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே இறங்கி, பள்ளத்தின் அடியில் தேங்கும். உயரே போகப் போகத்தான் குளிரும் என்ற வழக்கமான கணக்கு அன்றிரவு தலைகீழாகிவிடும். ஓடையின் ஈரமும் சேர்ந்தால், விடிகாலையில் கூடாரத்தின் உள்பக்கமே சொட்டும். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, சரிவில் சற்று உயரமான திட்டில் படுத்தால் குளிரும் ஈரமும் குறையும். இரவில் மழை பெய்து ஓடை பெருகினாலும் பயமில்லை.

அதற்காகப் பாறைச் சுவருக்கு அடியில் ஒண்டுவதும் சரியில்லை. அங்கே தரையைப் பாருங்கள்: பாசி படியாத, விளிம்பு கூரான கற்கள் சருகுக்கு மேலேயே கிடக்கின்றனவா? அப்படியென்றால் அவை அண்மையில் விழுந்தவை. பாறை இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகும்போது கற்கள் தளர்ந்துவிடும். எங்கே படுத்தாலும் தலைக்கு மேல் பட்ட கிளை இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

சருகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது வேரையும் குழியையும் மட்டுமல்ல, பாதையையே மூடிவிடும். காடு முழுக்க ஒரே மாதிரி இருக்கும். பாதையைக் காட்ட வழியில் இட்டிருக்கும் அடுத்த அடையாளக் குறி கண்ணில் படும்வரை, நிற்கும் குறியை விட்டு அதிகம் நகராதீர்கள். ஆழமான பள்ளத்தில் பாறைச் சுவர்கள் செயற்கைக்கோள் சமிக்ஞையை மறைப்பதால் ஜி.பி.எஸ். புள்ளியும் தாவும்; காகித வரைபடம் கையில் இருக்கட்டும். செங்குத்துப் பாறையின் விளிம்பில் சருகு குவிந்திருந்தால் பாறை எங்கே முடிகிறது என்று மேலிருந்து தெரியாது. படம் எடுக்கப் பின்னால் நகர்வது அங்கே கூடவே கூடாது.

ஓடையைக் கடக்கும்போது ஈரக் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவுவதைவிட, தண்ணீரிலேயே காலை வைத்து நடப்பது பெரும்பாலும் பாதுகாப்பு. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். தண்ணீர் முழங்காலைத் தாண்டி வேகமாக ஓடினால் திரும்பிவிடலாம், அதில் வெட்கமில்லை.

சாமான்களில் இரண்டு விஷயம். ஸ்லீப்பிங் பேக்கில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வெப்பநிலை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லைதான். நிம்மதியாகத் தூங்க ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். நுண்குழாய் வகைத் தண்ணீர் வடிகட்டி ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. இரவில் அதை ஒரு சிறு பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முகட்டில் தண்ணீர் இருக்காது என்பதால் ஏறும் முன்பே நிரப்பிக்கொள்வதும் முக்கியம். வரைபடத்தில் இருக்கும் சிற்றோடைகள் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் வறண்டு கிடக்கலாம்.

பல இடங்களில் இதுதான் வேட்டைப் பருவமும். வேட்டைக்காரர் உங்களை விலங்கென்று நினைத்துவிடாதபடி, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேலே ஏதாவது அணிவது நல்லது.

சுற்றுப்பாதையை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று பலர் யோசிப்பதே இல்லை. முடிந்தால் ஓடை கடக்கும் இடங்களை முதல் நாளிலேயே முடித்துவிட்டு, முகட்டுப் பாதையை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மழை கொட்டினால், பெருகிய ஓடைகள் உங்களுக்குப் பின்னால் இருக்கும். ஈரப் பாறையைப் பகல் வெளிச்சத்தில் மெதுவாகக் கடந்துவிடலாம். எந்தத் திசையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.