சிவாவாவின் எல்லை ஆறுதானா?

மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தைப் பற்றி எழுதும்போது பலர் எழுத்துக்கூட்டி ‘சிஹுவாஹுவா’ என்று நீட்டிவிடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் அங்கே ‘ஹ’ ஒலிக்காது, சிவாவா போதும். (இதே மாநிலத்தின் எல்லை நகரமான ஹுவாரெஸின் ‘ஹ’ ஒலிக்கும், அது வேறு எழுத்து!) குட்டி நாய்க்குப் பெயர் கொடுத்தது இந்த இடம்தான், ஆனால் மாநிலம் குட்டி இல்லை, சுமார் 2,47,000 சதுர கிலோமீட்டர், மெக்சிகோவிலேயே பெரியது, பிரிட்டனைவிடவும் கொஞ்சம் பெரியது.

முழுக்கப் பாலைவனம் என்பதும் தப்பு. மேற்கே சியரா மாத்ரே மலையில் பைன் காடு உண்டு, குளிர்காலத்தில் பனியும் கொட்டும். ராராமுரி பழங்குடி மக்கள் வாழும் செப்புப் பள்ளத்தாக்குகள் அங்கேதான்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். அமெரிக்க எல்லை என்றாலே ரியோ கிராண்டே ஆறு (மெக்சிகோக்காரர்களுக்கு அது ரியோ பிராவோ) என்று முடித்துவிடுகிறார்கள். ஹுவாரெஸுக்குக் கிழக்கேதான் ஆறு எல்லை, மேற்கே தரையில் போட்ட கோடு. அந்தக் கோட்டுக்கே ஒரு தப்பான வரைபடம்தான் வினையாகிப்போனது. மெக்சிகோ-அமெரிக்கப் போரை முடித்த 1848 ஒப்பந்தத்தில் இணைத்த வரைபடத்தில் எல் பாசோ ஊர் உண்மையான இடத்தில் இல்லை, வடகிழக்கே தள்ளிக் கிடந்தது. ஊரை வைத்து எல்லையை அளப்பதா, வரைபடத்தை வைத்து அளப்பதா என்று எல்லையோர மெசில்லா பள்ளத்தாக்குக்காக இரண்டு நாடுகளும் மல்லுக்கு நின்று, கடைசியில் 1854இல் அமெரிக்கா ஒரு கோடி டாலர் கொடுத்து அதையும் மேற்கே இன்னும் நிறைய நிலத்தையும் வாங்கிக்கொண்டது.

இன்னொன்று, பழைய ஆவணங்களில் எல் பாசோ என்று வந்தால் உடனே டெக்சாஸ் நகரம் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தென்கரையிலிருந்த எல் பாசோ தெல் நோர்தே, அதாவது 1888இல் மெக்சிகோவின் முன்னாள் அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸின் பெயர் சூட்டப்பட்ட இன்றைய ஹுவாரெஸ் நகரம்.

ஆற்றையும் நம்ப முடியாது. 1864 வெள்ளத்தில் அது தெற்கே நகர, மெக்சிகோவின் சமிசால் நிலம் அமெரிக்கக் கரைக்குப் போய்விட்டது. நூறு வருடம் இழுத்த வழக்கு, 1963இல் ஒப்பந்தம். டெக்சாஸின் எல் பாசோவில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள், ஆறு இப்போது அங்கே கான்கிரீட் வாய்க்காலில் ஓடுகிறது.

அப்புறம், மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவை சிவாவா மண்ணின் மைந்தன் ஆக்கிவிடாதீர்கள். ஆளுநராக இருந்ததும் 1923இல் பர்ராலில் சுட்டுக் கொல்லப்பட்டதும் சிவாவாவில், பிறந்தது பக்கத்து துராங்கோவில்.