வீடியோவுக்குக் கப்ஷன் எழுதும்போது

யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போய்க் குதிரைகளை அவ்வளவு அழகாக வீடியோ எடுத்துவிட்டு, கீழே "அழகான நாள்" என்று மட்டும் போட்டு விடாதீர்கள். அழகு வீடியோவிலேயே தெரிகிறது, தெரியாததைத்தான் கப்ஷன் சொல்ல வேண்டும். "குறிகட்டுவானில் படகு ஏறினால் இந்தக் குதிரைகளைப் பார்க்கலாம்" என்று எழுதினால் கொழும்பிலோ கனடாவிலோ இருந்து பார்க்கிறவர் அதைச் சேமித்து வைத்து, ஊருக்கு வரும்போது தேடி எடுப்பார்.

இன்ஸ்டகிராமில் 2,200 எழுத்துகள் வரை எழுதலாம்தான், ஆனால் ரீல்ஸ் ஓடும்போது தொடக்கம் மட்டுமே கண்ணில் படும், மிச்சத்தை வாசிக்க அழுத்த வேண்டும். அதனால் இடத்தின் பெயர் முதல் வரியிலேயே வரட்டும். ஹாஷ்டாக் கடைசியில் இரண்டு மூன்று போதும்.

சரி, பேசுவதைக் காட்டியபடி திரையில் ஓடும் எழுத்து? பஸ்ஸில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் அது கட்டாயம் வேண்டும். செயலி தானாக எழுதித் தருவதை அப்படியே விடாமல், ஊர்ப் பெயர்களையும் நம் பேச்சுவழக்கையும் ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள். அடி விளிம்பில் வைத்தால் கணக்குப் பெயரும் கப்ஷனும் வந்து மறைத்துவிடும். கொஞ்சம் மேலே, பின்னால் கறுப்புப் பட்டையோடு, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாமல் வையுங்கள்.