கருத்தரங்கு அட்டவணையைப் பதிவிறக்காதீர்கள், சந்தா செய்யுங்கள்

பல்கலைக்கழகப் பொருளியல், நிதியியல் கருத்தரங்குகளைத் தொடர்பவர்கள் தேதிகளைக் கையால் குறிக்கவும் வேண்டாம், ஐ.சி.எஸ். எனும் நாட்காட்டிக் கோப்பைப் பதிவிறக்கவும் வேண்டாம். அட்டவணையில் உள்ள நாட்காட்டி இணைப்பை வலச்சொடுக்கி நகலெடுங்கள். கூகுள் நாட்காட்டியில் 'பிற நாட்காட்டிகள்' என்பதன் அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, முகவரி மூலம் சேர்க்கும் வசதியில் அதை ஒட்டுங்கள். இதுதான் சந்தா. கணினி உலாவியில் ஒருமுறை செய்தால் போதும், கைபேசியிலும் தெரியும்.

பதிவிறக்கிய கோப்பு அன்றைய நிலவரத்தோடு உறைந்துவிடும். ஆனால் இந்த அட்டவணைகளோ மாறிக்கொண்டே இருப்பவை: 'தலைப்பு பின்னர்' என்று கிடந்த உரைக்குக் கடைசி வாரம்தான் தலைப்பு வரும், அறை மாறும், பேச்சாளரே மாறுவார். சந்தா செய்த நாட்காட்டி இவற்றைத் தானே வாங்கிக்கொள்ளும். உரை நேரத்தை நம் நேரத்திலேயே காட்டுவதால் நேரக் குழப்பமும் தீரும். பிரிட்டனில் மாலை 4 மணிக்குத் தொடங்கும் உரை நமக்குக் குளிர்காலத்தில் இரவு 9.30, கோடையில் 8.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் கடைசி ஞாயிறும் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், இடைப்பட்ட வாரங்களில் மனக்கணக்குப் போடுபவர்கள்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உரைகளைப் பட்டியலிடும் 'டாக்ஸ்.கேம்' தளத்தில் ஒவ்வொரு கருத்தரங்கு வரிசைக்கும் இப்படி ஓர் இணைப்பு உண்டு. வெறும் பி.டி.எஃப். பட்டியல் போடும் துறைகளிடம் இது பலிக்காது. கடவுச்சொல் கேட்கும் உள்வட்டக் கருத்தரங்குகளுக்கும் அப்படியே. மாற்றங்கள் வந்து சேரப் பல மணி நேரம் பிடிக்கலாம் என்பதால், அன்று காலை ரத்தானது தெரியாமல் போகலாம். நேரில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒருமுறை அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது.