சீதனக் காணியை விற்கப் போகிறீர்களா?

அம்மா தந்த காணிதானே என்று நேரே உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் நொத்தாரிசிடம் போய் நிற்காதீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட கலியாணமான பெண், 1911 ஆம் ஆண்டு வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டத்தின்படி, நகையை விரும்பியபடி விற்கலாம், மரணசாசனமும் எழுதலாம், ஆனால் காணியை விற்கவோ நன்கொடை கொடுக்கவோ புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், காணி கொழும்பில் இருந்தாலும்தான் (உறுதி உங்கள் பேரில், கேட்பது அவரை!). சரி, முதலில் உறுதியை எடுத்து யார் பேரில் முடிந்திருக்கிறது என்று பாருங்கள், சட்டம் இப்போது எந்த நிலையில் என்பதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டாரா, இருக்கிற இடமே தெரியவில்லையா, காரணமில்லாமல் மறுக்கிறாரா? மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம். போரில் கணவர் காணாமற்போன பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள்.

அப்புறம், மகளுக்குச் சீதனம் எழுதினால் அவள் பேரில் மட்டும் எழுதுங்கள், சம்பந்தி முகம் சுளித்தாலும்.